கால் தாங்கிய தோள்

சில வருடங்களுக்கு முன்பு, மருத்துவமனைகளுக்கான மென்பொருள் எழுதும் ஒரு குழுவில் இருந்தேன். நோயாளியை வார்டில் சேர்த்ததும் செவிலியர் நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவம் என் பொறுப்பு. ரத்த அழுத்தம், ஒவ்வாமை, கீழே விழும் அபாயம், படுக்கைப் புண் வரும் அபாயம் என்று நீண்டுகொண்டே போகும் அந்தத் திரையில் ஒருநாள் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லி டிக்கெட் வந்தது: 'ஆன்மிகத் தேவை'. தரச்சான்று கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்களாம். நான் ஒரு ட்ராப்டவுன் வைத்தேன். உண்டு, இல்லை. 'உண்டு' என்று தேர்ந்தெடுத்தால் கீழே இன்னொரு பெட்டி திறக்கும். என்ன மதம், என்ன வழிபாடு, பூசாரியையோ பாதிரியாரையோ அழைக்க வேண்டுமா என்று அது கேட்கும். நிரப்பாமல் மேலே போக முடியாத இடம் என்பதால், வேலை தடைபடக் கூடாதென்று டீஃபால்ட்டாக 'இல்லை' என்று வைத்தேன். மொத்தம் அரை நாள் வேலை.

பிறகொரு நாள் தரவுகளைப் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளுக்கும் 'இல்லை' என்றே இருந்தது. "நம்ம ஆளுங்களுக்கு ஆன்மாவே கிடையாது போலயே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அதே மாதத்தில் இன்னொரு திரையும் செய்தோம். ஒரு செவிலியர் ஒரு நோயாளிக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்று காட்டும் டாஷ்போர்டு. வரம்பைத் தாண்டினால் அந்தக் கட்டம் சிவப்பாகும். அந்தச் சிவப்பின் அடர்த்தியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

அந்த வேலையை விட்டுவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறிய பிறகு அப்பாவுக்குக் கால் போயிற்று.

அப்பா ஈ.பி.யில் லைன்மேன். முப்பது வருஷம் கம்பம் ஏறியவர். கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது, அம்மா தன் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த ஒன்றைத் தவிர. சர்க்கரை நோயில் பெருவிரலில் தொடங்கிய புண் கறுத்து மேலேறி, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அறுவைக்கு முந்தைய நாள் ரவுண்ட்ஸ் வந்த மருத்துவரிடம் அப்பா கேட்டார்: "வெட்டுன காலை என்ன செய்வீங்க?" மருத்துவர் நல்ல மனிதர்தான். சிரித்தபடி, "அதை ஏன் நினைக்கீங்க? மூணு மாசத்துல செயற்கைக் கால் மாட்டி நடந்துரலாம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அப்பா என்னைப் பார்த்தார். நான், "சும்மா இருங்கப்பா" என்றேன். வேறென்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இரவு பத்து மணிக்கு சுகர் பார்க்க சிஸ்டர் வந்தார். முப்பது வயதிருக்கும். அப்பா அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். சிஸ்டர் விரலில் குத்தி, அளவைப் பார்த்து, சீட்டில் எழுதி முடித்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு அப்பாவின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார்.

"மஞ்சப் பையில போட்டு அனுப்பிருவாங்கப்பா. அதை எரிச்சிருவாங்க. வீட்டாளுங்க எழுதிக் கொடுத்தா கையில கொடுக்கிறதும் உண்டு. உங்களுக்கு என்ன செய்யணும்னு தோணுது?"

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. சிஸ்டரும் பேசவில்லை. பிறகு அப்பா, "எங்களுக்குப் பொதைக்கிறதுதான் வழக்கம். அவளைப் பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துல வச்சிரச் சொல்லும்மா. மீதி பொறவு வரட்டும்" என்றார். சிஸ்டர் சட்டென்று சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழ ஆரம்பித்தார். அம்மா செத்த அன்று கூட நான் அவர் அழுது பார்த்ததில்லை. அந்தப் பெண் எதுவும் சொல்லாமல், மறுநாள் போகப்போகிற அந்தக் காலின் மேல் போர்வைக்கு வெளியே கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஏறக்குறைய இருபது நிமிடம்.

காலையில் ஷிப்ட் மாறும்போது, "ராத்திரி ரவுண்டு ஏன் இவ்ளோ லேட்டு?" என்று மேற்பார்வையாளர் கேட்பது வராந்தாவில் நின்ற என் காதில் விழுந்தது. "சுகர் பார்க்க லேட்டாயிட்டு மேடம்" என்றார் சிஸ்டர். அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் காகிதங்களோடு செவிலியர் மதிப்பீட்டுப் படிவத்தின் பிரதியும் இருந்தது. என்னுடைய திரை இல்லை, வேறு யாரோ செய்தது. ஆனாலும் அச்சு அசலாக அதே வரி: 'ஆன்மிகத் தேவை: இல்லை'.

அந்த இருபது நிமிடத்துக்கு என்ன பெயர் என்ற கேள்வியோடுதான் பிறகு சில புத்தகங்களைப் படித்தேன், ஏற்கெனவே படித்த சிலவற்றைத் திரும்பப் படித்தேன். அந்த வாசிப்பில் எழுந்த ஒரு புகார்தான் இந்தக் கட்டுரை. புகாரில் பாதி என் துறை மேல், பாதி இலக்கியத்தின் மேல்.

பெயரைப் பொறுத்தவரை செவிலியத் துறை அதை எப்போதோ வைத்துவிட்டது. செவிலியப் பணி என்பது எது என்று வரையறுக்க முயன்ற அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன், மனிதருக்கு உதவ வேண்டிய அடிப்படைத் தேவைகளாக 14 விஷயங்களைப் பட்டியலிட்டார். மூச்சு விடுவது, உண்பது, கழிப்பது என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் 11ஆவது, தன் நம்பிக்கைப்படி வழிபடுவது. 1970களில் வட அமெரிக்கச் செவிலியர்கள், மருத்துவர்களின் நோய்ப்பெயர்களுக்கு அப்பால், தாங்கள் நோயாளியிடம் காணும் பிரச்சினைகளுக்கென்று தனி வகைப்பாடு ஒன்றை உருவாக்கினார்கள். 1978இல் அதில் 'ஆன்மிக வேதனை' இடம்பெற்றது. நாண்டா என்று அழைக்கப்படும் அந்தப் பட்டியலில் அதன் குறியீட்டு எண் 00066. 1996இல் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற மருத்துவர் 'ஃபிகா' என்ற கேள்விக் கருவியைக் கொண்டுவந்தார். உங்கள் நம்பிக்கை என்ன, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், நீங்கள் சார்ந்திருக்கும் சமூகம் எது, சிகிச்சையில் இதை நாங்கள் எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று நான்கு வகைக் கேள்விகள். என்னுடைய ட்ராப்டவுன் இந்த வம்சத்தில் வந்த கடைக்குட்டி. நான்கு கேள்விகளாக இருந்தது என் கையில் இரண்டு சொல்லாகச் சுருங்கியது.

இலக்கியம் இந்த இடத்துக்கு வேறு வழியில், இன்னும் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டது.

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' வெளியான ஆண்டு 1886. நீதிபதி இவான் இலியிச் விலாவில் வலியோடு மாதக்கணக்கில் சாகிறார். மருத்துவர்கள் சிறுநீரகமா குடல்வாலா என்று விவாதிக்கிறார்கள். மனைவி மருந்து நேரத்தைச் சொல்லிக் காட்டுகிறாள். அத்தனை பேரும் சேர்ந்து அவருக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான், சாகவில்லை என்று நடிக்கிறார்கள். கெராசிம் ஒருவன்தான் நடிப்பதில்லை. அவன் சமையல்கட்டில் எடுபிடி வேலை செய்யும் குடியானவ இளைஞன். அவன் முதலில் அந்த அறைக்கு வருவது ஆறுதல் சொல்வதற்கு இல்லை, மலச்சட்டியை எடுத்துக்கொண்டு போவதற்கு. இவான் இலியிச் கூனிக் குறுகுகிறார். அவனோ அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போகிறான். பிறகு ஒருநாள் அவர் காலைத் தூக்கிப் பிடிக்கும்போது வலி குறைவதுபோல் அவருக்குத் தோன்றுகிறது. அன்றிலிருந்து அவருடைய கால்களைத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். நாம் எல்லோரும் சாகப்போகிறவர்கள்தானே, இதைச் செய்தால் என்ன என்பதுதான் அவன் நியாயம்.

முதல்முறை படித்தபோது நான் கவனிக்காமல் விட்ட ஒன்று, முதல் அத்தியாயத்திலேயே, சவத்தின் வீச்சம் பரவும் அறையில் கெராசிமை அறிமுகப்படுத்தும்போது, நோயாளியைப் பார்த்துக்கொண்டவன் அவன் என்று டால்ஸ்டாய் சொல்லிவிடுகிறார். அதாவது அவன் அந்த வீட்டின் செவிலி. இன்னொன்று, பாதிரியாரும் இந்தக் கதையில் வருகிறார். மனைவியின் வற்புறுத்தலில் இவான் இலியிச் நற்கருணை பெறுகிறார். கொஞ்சம் இதமாகக்கூட இருக்கிறது. மனைவி உள்ளே வந்து எப்படியிருக்கிறது என்று கேட்டதும் அது கலைந்துவிடுகிறது. முறைப்படி தரப்பட்ட ஆன்மிக உதவி கொஞ்ச நேரம் நின்றது. கால் தாங்கிய தோள் இரவு முழுக்க நின்றது.

ஆனால் கடைசி மணியில் கெராசிம் அவருக்கு ஒளியைக் காட்டவில்லை. மூன்று நாள் அலறலுக்குப் பிறகு, பள்ளிக்கூடம் போகும் மகன் அருகே வந்து கையை முத்தமிட்டு அழும்போதுதான் இவான் இலியிச்சுக்கு எதுவோ திறக்கிறது. இதை நான் டால்ஸ்டாயின் மிகச் சரியான அவதானங்களில் ஒன்றாக நினைக்கிறேன். பார்த்துக்கொள்கிறவர் சாகிறவருக்கு அர்த்தத்தைக் கொண்டுவந்து கையில் கொடுப்பதில்லை. அர்த்தம் வேறெங்கிருந்தோ, மகனிடமிருந்தோ பழைய நினைவிலிருந்தோ வரும். அது வரும்போது அதைப் பெற்றுக்கொள்ளும் நிலையில் அந்த மனிதர் இருக்க வேண்டும். வலியாலும் அவமானத்தாலும் பொய்யாலும் முழுக்க அடைபட்டுப் போகாமல் அவரை அதுவரை வைத்திருப்பதுதான் தோள் கொடுப்பவரின் வேலை.

இதே வேலையை ஒரு நவீன மருத்துவமனையில் வைத்துப் பார்த்தவர் மார்கரெட் எட்சன். அவருடைய 'விட்' நாடகம் 1999இல் புலிட்சர் பரிசு பெற்றது. 2001இல் மைக் நிக்கல்ஸ் எம்மா தாம்சனை வைத்து அதைப் படமாக்கினார். எட்சன் எழுத்தாளராவதற்கு முன்பு புற்றுநோய், எய்ட்ஸ் நோயாளிகள் இருந்த வார்டு ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்தவர். நாயகி விவியன் பேரிங், ஜான் டன்னின் சமயக் கவிதைகளில் துறைபோன பேராசிரியை. மரணத்தைப் பற்றிய ஒரு வரியில் காற்புள்ளி வருமா அரைப்புள்ளி வருமா என்பதில் வாழ்க்கையைச் செலவிட்டவர். அவருக்குச் சினைப்பையில் முற்றிய புற்றுநோய். ஆராய்ச்சி மருத்துவர்களுக்கு அவர் ஒரு நல்ல தரவு. சூசி என்ற செவிலியருக்கு மட்டும் அவர் நள்ளிரவில் பயந்துபோன ஒரு பெண்.

அந்தக் காட்சி ஒரு குச்சி ஐஸை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. கீமோவில் வாயும் குடலும் வெந்துபோன விவியனுக்கு இரண்டு குச்சி வைத்த ஐஸ் ஒன்றைக் கொண்டுவருகிறார் சூசி. விவியன் அதை ஒடித்துப் பாதியை சூசியிடம் நீட்டுகிறார். இருவரும் சப்பிக்கொண்டே பேசுகிறார்கள். மருத்துவர்கள் யாரும் நேராகச் சொல்லாத உண்மையை, சிகிச்சை பலிக்கவில்லை என்பதை, சூசி அங்கேதான் சொல்கிறார். இதயம் நின்றால் திரும்ப இயக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா, முடிவு உங்களுடையது என்கிறார். விவியன் விட்டுவிடச் சொல்கிறார். பிறகு நினைவிழந்து கிடக்கும் விவியனிடம், இதோ இப்போது இந்தக் குழாயைப் போடப்போகிறோம் என்று சூசி ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்யும்போது, கேட்கவா போகிறது என்று இளம் மருத்துவர் கிண்டலடிக்கிறார். கைகளில் களிம்பு தடவிவிடும்போதும் சூசி நிறுத்துவதில்லை. கடைசியில் இதயம் நின்றதும் அந்த இளம் மருத்துவர் ஆராய்ச்சி வெறியில் மீட்புக் குழுவை அழைத்துவிட, தடுத்து நிறுத்துவதும் சூசிதான்.

விவியனின் வயதான ஆசிரியை பார்க்க வரும்போது டன்னைப் படித்துக் காட்டவா என்று கேட்கிறார். விவியன் வேண்டாம் என்று முனகுகிறார். ஆசிரியை, கொள்ளுப்பேரனுக்காக வாங்கி வைத்திருந்த முயல்குட்டிக் கதையை எடுத்துப் படிக்கிறார். சமயக் கவிதையின் உச்சத்தைக் கரைத்துக் குடித்த ஒருவருக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு குச்சி ஐஸும் குழந்தைக் கதையும். என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் வாழ்நாளெல்லாம் கடவுள் இல்லை என்று வாதிட்டவர். ஒரு காலை எங்கே புதைப்பது என்பதில்தான் அவருடைய எல்லாம் இருந்தது: அம்மா, ஊர், ஏறிய கம்பங்கள், சாவு. நம்பிக்கையாளரோ இல்லையோ, மனிதருக்கு அந்த இடம் உண்டு. மதம் என்ன என்று கேட்கும் பெட்டி அந்த இடத்தைத் தொடுவதேயில்லை.

இவ்வளவு தூரம் டால்ஸ்டாயோடும் எட்சனோடும் உடன்பட்டுத்தான் வருகிறேன். புகார் இனிமேல்தான்.

கெராசிமுக்குக் களைப்பே வருவதில்லை. தோளில் கால் இருக்கும்போது அவனுக்குத் தூக்கம் வந்ததா, விடிந்ததும் விறகு பிளக்கப் போக வேண்டியிருந்ததா, அவனுக்குக் கூலி எவ்வளவு என்பதெல்லாம் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஆரோக்கியமானவன், எளியவன், மண்ணுக்கு நெருக்கமானவன், அதனால் நல்லவன். டால்ஸ்டாய் அவனை ஒரு விடையாகப் பயன்படுத்திக்கொள்கிறார். அவனுக்கென்று ஒரு கேள்வி இருக்க விடவில்லை. எட்சன் இதைவிடப் பல படி மேல். சூசிக்கு ஷிப்ட் இருக்கிறது, மருத்துவர்களுக்குக் கீழே ஒரு இடம் இருக்கிறது, கோபம் வருகிறது. ஆனால் எட்சனும் ஒரு இடத்தில் சறுக்குகிறார். விவியன் பயன்படுத்தும் ஒரு கடினமான சொல்லுக்கு சூசிக்கு அர்த்தம் தெரியாமல் போக, அதை வைத்து இருவரும் சிரிக்கும் இடம் வருகிறது. அழகான காட்சிதான். ஆனால் நாடகத்தின் கட்டுமானத்தில் அது சொல்வது, அறிவு ஒரு பக்கம், கனிவு ஒரு பக்கம், சூசி கனிவின் பக்கம் என்பது. அறிவாளி கடைசியில் வெள்ளந்தியிடம் தோற்கிறாள் என்ற பழைய கதையின் சாயல் அதில் இருக்கிறது.

சூசி செய்தவற்றைத் திரும்ப அடுக்கிப் பாருங்கள். நள்ளிரவில் ஒரு நோயாளி எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று கண்டுகொள்வது, வெந்த குடலுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்திருப்பது, கெட்ட செய்தியை எந்த நிமிடத்தில் எந்த வார்த்தையில் சொல்வது என்று கணிப்பது, நோயாளியின் சட்டபூர்வ உரிமையை அறிந்திருப்பது, ஒரு அறை நிறைய ஆட்களை எதிர்த்து அதைக் காப்பது. இதில் எது வெள்ளந்தித்தனம்? அன்றிரவு எங்கள் அறைக்கு வந்த சிஸ்டரும் அப்படித்தான். முதலில் சுகர் பார்த்து முடித்தார். பிறகு உட்கார்ந்தார். மஞ்சள் பை விதி அவருக்குத் தெரிந்திருந்தது, விதிக்குள் இருந்த வழியும் தெரிந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. மருத்துவருக்கும் எனக்கும் அன்பு குறைவாகவா இருந்தது? எங்களுக்குத் தெரியாதது, அவ்வளவுதான்.

இதை ஒரு தேர்ச்சி என்று முதலில் எழுதி வைத்தவர் நைட்டிங்கேல். கைவிளக்கு ஏந்திய தேவதை என்ற படத்துக்கு அடியில் காணாமல்போன நைட்டிங்கேல் ஒருவர் இருக்கிறார். 1859இன் 'நோட்ஸ் ஆன் நர்சிங்' நூலில் அவர் தேவதை மாதிரி பேசுவதில்லை, கறாரான ஒரு பொறியாளர் மாதிரி பேசுகிறார். நோயாளியின் பார்வைக்குள் வரும்படி உட்கார், அவரைத் தலையைத் திருப்ப வைக்காதே. அறை வாசலில் நின்று கிசுகிசுக்காதே, உள்ளே இருப்பவர் அதைத் தன் சாவுச் செய்தியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே சுவரையும் கூரையையும் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது என்ன செய்யும் என்று யோசி. சீக்கிரம் சரியாகிவிடும் என்று போகிற போக்கில் நம்பிக்கை ஊட்டிவிட்டுப் போகும் பார்வையாளர்களைத் திட்டுவதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் வைத்திருக்கிறார். சாகக் கிடப்பவரைப் பொய்யான தேறுதல் எவ்வளவு தனியாக்குகிறது என்று டால்ஸ்டாய் காட்டுவதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே அதைச் சொல்லிவிட்டார். ஸ்டூலை இழுத்து அப்பாவின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்த அந்தச் செயலுக்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேற்பட்ட பாடத்திட்டம் இருக்கிறது.

சிசிலி சாண்டர்ஸின் கதை இன்னும் நேரடியானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லண்டனில் செவிலியர் பயிற்சி பெற்றவர், முதுகுவலியால் அந்த வேலையை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். 1948இல், வார்சாவிலிருந்து வந்து லண்டனில் தனியாகச் செத்துக்கொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற யூத நோயாளியோடு வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். நீ கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு சன்னலாக இருப்பேன் என்ற பொருளில் சொல்லி 500 பவுண்டு விட்டுப் போனார் டாஸ்மா. பிறகு சாகப்போகிறவர்களுக்கான ஓர் இல்லத்தில் மாலை நேரங்களில் தன்னார்வச் செவிலியராகப் போனபோது, வலி வந்த பிறகு மார்பின் கொடுக்காமல், வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொடுப்பதை அங்கே கண்டார். நோயாளிகள் வலியோடு போராடுவதை விட்டுவிட்டு மனிதர்களாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்காகவே வேலை செய்ய விரும்பியவரிடம் ஓர் அறுவை மருத்துவர் சொன்ன யோசனை, போய் மருத்துவம் படி, செவிலியராகச் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்பது. முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957இல் மருத்துவரானார். உடல், மனம், சமூகம், ஆன்மா நான்கும் கலந்த 'முழு வலி' என்ற கருத்தை அவர் முன்வைத்தபோது உலகம் கேட்டது. 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் திறந்தது. டாஸ்மாவின் சன்னல் அங்கே இருக்கிறது.

சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். ஆனாலும் அந்த இல்லத்தை எந்த நம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் திறந்து வைத்தார். ஆன்மிகப் பராமரிப்பு என்றதும் நமக்கு எழும் சந்தேகம் நியாயமானதுதான். பலவீனமாகப் படுத்திருப்பவரிடம் மதத்தை விற்பார்களோ என்ற பயம். 1854இல் ஸ்குட்டாரிக்குப் போன நைட்டிங்கேலின் 38 பெண்களில் கத்தோலிக்கக் கன்னியரும் ஆங்கிலிகன் சகோதரிகளும் கலந்திருந்தார்கள். யார் யாரை மதம் மாற்றுகிறார்கள் என்ற சண்டை போர்முனை வரை தொடர்ந்தது. 2008 இறுதியில் பிரிட்டனில், வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் செவிலியர் ஒருவர் மூதாட்டி ஒருவரிடம் உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டதற்காகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, சில வாரங்களில் திரும்ப அழைக்கப்பட்டார். அவர் கேட்டது தவறா என்று எனக்கு ஒரு தீர்ப்பும் இல்லை. ஆனால் ஒரு அளவுகோல் உண்டு. கெராசிம், சூசி, எங்கள் சிஸ்டர் மூவரிடமும் பொதுவாக இருப்பது, தங்களிடம் இருக்கும் ஒன்றைத் தரத் துடிக்காமல், எதிரில் இருப்பவரிடம் ஏற்கெனவே இருப்பது என்ன என்று பார்த்தது. "உங்களுக்கு என்ன செய்யணும்னு தோணுது?" என்ற கேள்விக்குள் கேட்பவரின் மதம் தெரிவதில்லை.

தமிழில் நாம் இவர்களுக்கு வைத்த சொல் செவிலி. சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. மகள் காதலனோடு போய்விட்டால் பாலைவழியில் தேடிப் போகிறவள் செவிலிதான். கலித்தொகையின் 9ஆம் பாடலில், எதிரே வரும் துறவிகளிடம் இருவர் இப்படிப் போனார்களா என்று அவள் விசாரிக்கிறாள். அவர்கள், சந்தனம் பிறந்த மலைக்கும், முத்து பிறந்த கடலுக்கும், இசை பிறந்த யாழுக்கும் அவற்றால் என்ன பயன் என்று கேட்டு அவளைத் தேற்றுகிறார்கள். துறவிகளின் உவமைகளைத்தான் வகுப்பில் பாராட்டச் சொல்லித் தந்தார்கள். இப்போது அந்தப் பாடலில் எனக்குத் தெரிவதெல்லாம் அந்த வெயிலில் நடந்து வந்த பெண்தான். பெற்ற உறவு இல்லை, ஆனாலும் தேடிப் போவது தன் வேலை என்று கிளம்பியவள். அவளுடைய கால் கொப்பளித்திருக்கும். உவமை சொன்னவர்கள் எதிர்த் திசையில் போய்விட்டார்கள்.

செவிலி என்ற சொல்லில் இருக்கும் தாய் என்ற நிழல் இன்று ஒரு பொறியும் கூட. தாய்க்கு எதற்குச் சம்பளம்? 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்தச் செவிலியர்கள் திரண்டு போராடியபோது அவர்கள் கேட்டது பணி நிரந்தரமும் முறையான ஊதியமும். தேர்வு எழுதி வந்தவர்கள், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள். சேவை செய்ய வந்தவர்கள் இப்படித் தெருவில் உட்காரலாமா என்று அன்று என்னிடம் சொன்னவர்கள், இவான் இலியிச்சைப் படிக்காமலேயே கெராசிமை எதிர்பார்த்தவர்கள். இலக்கியம் இதை இயல்பான அன்பு என்கிறது. அன்புக்குப் பயிற்சியும் கூலியும் வேண்டாம். நிர்வாகம் இதைப் படிவத்தில் ஒரு கட்டம் என்கிறது. கட்டத்தை நிரப்ப இரண்டு வினாடி போதும். இரண்டு பேருமே சேர்ந்து அந்த இருபது நிமிடத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்பு இயக்கம், கேரளத்தில் பஞ்சாயத்து அளவில் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அமைப்பாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். திண்ணையில் உட்கார்ந்து பேசுவது அங்கே வேலை நேரத்துக்குள் வரும் விஷயம். எத்தனை வீடு என்ற இலக்கு ஏறினால் அதுவும் போய்விடும் என்பதை டாஷ்போர்டு செய்தவனாக எனக்குத் தெரியும்.

இன்று அந்த டிக்கெட் வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்ததுண்டு. ட்ராப்டவுனை எடுத்துவிட்டு ஒரு வெற்றுப் பெட்டி வைப்பேன். சேர்க்கும் நாளில் கட்டாயமாக நிரப்பச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டது மூன்றாம் நாள் இரவில். அடுத்த ஷிப்ட்காரர் படித்தால் போதும்: 'காலை எங்கே புதைப்பது என்று கவலைப்படுகிறார்.' ஆனால் பெட்டியை மாற்றுவது எளிது. சிவப்புக் கட்டத்தை என்ன செய்வது என்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அது ஒரு மென்பொருள் முடிவில்லை, ஒரு வார்டுக்கு எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்ற முடிவு.

மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து, மாமாவும் நானும் காலை வாங்கிக்கொண்டுபோய் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். இரண்டு வருடம் கழித்து மீதியும் அங்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒருமுறை அந்த மருத்துவமனைப் பக்கம் போனபோது சிஸ்டரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். இன்னும் அங்கேதான் இருந்தார். அப்பாவின் பெயரைச் சொன்னேன், காலைப் பற்றிச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "எந்த பெட்டு சார்?" என்றார். அவருக்கு நினைவில்லை. ஒரு கணம் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு முறை நடந்தது அவருக்கு எத்தனையாவது இரவோ.

நன்றி சொன்னேன். கூச்சப்பட்டுச் சிரித்தார். "சுகர் பார்க்க நேரமாச்சு சார், வாரேன்" என்று சொல்லிவிட்டு ட்ரேயை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனார்.